பிள்ளைகள் பிழை விடவில்லை

செய்தியை எனக்குச் சொன்னவர் ஒரு பஸ் கண்டக்டர். ஆய்வுகூடத்தில் காலை முதற்பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசியில் ஸரீனா டீச்சரின் பெயர் விழுந்தது. பாடசாலை நேரத்தில் அவர் ஒருநாளும் அழைப்பதில்லை. எடுத்தேன். ஓர் ஆண் குரல், சிங்களம் கலந்த தமிழில் பேசியது.

"மிஸ், இந்த போனில கடைசியா உங்கட நம்பர்தான் இருந்திச்சு. இந்த நோனாவுக்கு பஸ்ஸில சரியில்லாமப் போச்சு. நாங்க பஸ்ஸோடயே ஆஸ்பத்திரிக்கு வந்திட்டம். அவங்கட ஆக்கள் யாரையாவது கெதியா வரச் சொல்லுங்க."

ஸரீனாவின் கணவர் றவூப் நானாவோடு நான் புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வேலைக்கும் அரசாங்க அலுவலாகக் கச்சேரிக்கும் போகவிருந்த பயணிகள் ஒருவர்கூட முணுமுணுக்காமல் பஸ்ஸைத் திருப்ப விட்டிருக்கிறார்கள். கண்டக்டர் ஸரீனாவின் கைப்பையையும் குடையையும் பிடித்தபடி ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றார். "மன்னிச்சிக்கொள்ளுங்க, ஐயா. எங்களால ஏலுமான வேகத்திலதான் ஓட்டி வந்தம்" என்று றவூப் நானாவிடம் சொன்னார்.

இந்த விடயம் முழுவதிலும் மன்னிப்புக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். மன்னிப்புக் கேட்க வேண்டிய தேவை துளியும் இல்லாதவரும் அவர்தான்.

ஸரீனா டீச்சரை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்குமாக இதை எழுதுகிறேன். எங்கள் பாடசாலையில் நடந்த அனுதாபக் கூட்டத்தில் பேசும்படி என்னைக் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். அந்த மேடையில் யார் யார் அமர்வார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு நடுவில் நின்று பேசினால் என் வாயில் மரியாதையான சொல் வராது.

தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார்ப் பக்கத்திலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கிய சிறுமிகளில் ஸரீனாவும் ஒருவர். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் அதிகம் சொன்னதில்லை. கரையில் இறங்கியதைப் பற்றி மட்டும் சொல்வார். "விமலா, நாங்க இறங்கேக்க இந்த ஊர்ப் பொம்பிளையள் சோத்துச் சட்டியோட கரையில நிண்டவை. எங்கட பேரைக்கூடக் கேக்கேல்ல. முதல்ல சாப்பிடுங்கோ எண்டுதான் சொன்னவை." வருகிறவர்களையும் இடம்கொடுக்கிறவர்களையும் பற்றிய பேச்சு எப்போது எழுந்தாலும் இந்தச் சோற்றிலிருந்துதான் தொடங்குவார்.

ஓலைக் கொட்டில்களாலான முகாமில் வளர்ந்தார். நெருக்கமாக வாழும் பிள்ளைகளுக்கு வருகிற ஒரு காய்ச்சல் அவருக்கும் வந்தது. தொண்டை நோவு என்று விட்டுவிட்டார்கள். அது இதயத்தின் வால்வைத் தின்றுவிட்டுப் போனது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த இதயத்தோடுதான் அவர் பல்கலைக்கழகம் போனார், கலியாணம் செய்தார், இரண்டு பெண்பிள்ளைகளைப் பெற்றார், கண்டக்குழி மணல்மேட்டில் மாணவருக்கு முன்னால் ஏறினார். மேட்டின் உச்சியில் மூச்சு வாங்க நின்றுகொண்டு, "நான் களைச்சுப் போய் நிக்கேல்ல, காட்சியைப் பாக்கிறன்" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

நான் உடப்பைச் சேர்ந்தவள். கற்பிட்டியில் வாழ்க்கைப்பட்டு அங்குள்ள பாடசாலையில் இரசாயனவியல் கற்பிக்கிறேன். ஸரீனா டீச்சர் புவியியல் கற்பிக்க வந்த முதல் தவணையிலேயே எங்களுக்குள் நட்பு உண்டாகிவிட்டது. அவர் வந்த பிறகுதான் எங்கள் உயர்தர மாணவர்கள் தங்கள் சொந்த மாவட்டத்தைப் பார்த்தார்கள் என்று சொல்வேன். அதற்கு முன்னர் கல்விச் சுற்றுலா என்றால் கண்டி, பேராதனைப் பூங்கா, மிருகக்காட்சிச்சாலை என்றிருந்தது.

ஸரீனாவின் பயணம் வேறு. மழையே பெய்ய மறுக்கும் மாதங்களில்தான் புறப்படுவார். தரை வெடித்துக் கிடக்கும்போது பார்த்தால்தான் இந்தப் பக்கத்தில் மனிதர் எப்படித் தண்ணீரோடு வாழ்கிறார்கள் என்பது விளங்கும் என்பது அவருடைய எண்ணம். கடல் மணலைத் தள்ளிக்கொண்டு வரும் கண்டக்குழியில் தொடங்கி, காற்றாடி கட்டி அலையில் சறுக்கும் வெள்ளைக்காரரைப் பிள்ளைகள் வாய் பார்க்கும் ஆலங்குடாவைக் கடந்து, கடலோடு சேர்ந்து கிடக்கும் களப்பின் கரையிலுள்ள உப்பளங்கள், இடம்பெயர்ந்தோர் குடியேற்றங்கள் என்று போய், இலவன்குளத்துக்கு அப்பால் முள்ளுக்காடு தொடங்கும் எல்லையில் முடியும். அந்தக் காட்டின் மறுகரையில் மன்னார் மாவட்டம். பஸ்ஸில் பாட்டுப் போட விடமாட்டார், யன்னலைச் சாத்தவும் விடமாட்டார். "புழுதியும் பாடந்தான்" என்பார்.

விரிவுரை எதுவும் கிடையாது. மாணவர்கள்தான் கேள்வி கேட்க வேண்டும். எல்லையோரத்தில் ஒரு குடும்பம் இருந்தது. அந்த அம்மாவின் பெயர் சித்தி நபீஸா. போருக்குப் பின் காட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் பழைய காணிக்குத் திரும்பிப்போய்க் குடிசை போட்டவர். இருபது வருடத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்த அவர் காணியில் மரம் வளர்ந்து காடாகியிருந்தது. அதைத் துப்புரவாக்கப் போனால் காட்டை அழிக்கிறாய் என்றார்கள். பிள்ளைகளின் படிப்புக்காகப் புத்தளத்துக்குத் திரும்பி வந்தால் இங்கே பதிவு இல்லை என்றார்கள்.

"இஞ்ச இருந்தா அங்கத்தை ஆள் எண்டுறாங்கள். அங்க போனா இஞ்சத்தை ஆள் எண்டுறாங்கள். நான் எங்கத்தை ஆள் எண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்கோ, மக்காள்" என்று அவர் மாணவர்களிடம் கேட்டார்.

ஸரீனா அடுத்து மாணவர்களை அழைத்துக்கொண்டு அங்கே கடமையிலிருந்த காட்டுக் காவலரிடம் போனார். யானைக்குப் போக வழியில்லாமல் போனால் என்ன நடக்கும் என்று அவரையும் அரை மணித்தியாலம் பேச விட்டார். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு வருவது அவருக்குப் பிடிக்காது. இப்படிப்பட்டவரைத்தான் பின்னர் பக்கச்சார்பானவர் என்று எழுதி வைத்தார்கள்.

இனி எங்கள் பாடசாலையிலிருந்து அவர் போன கடைசிப் பயணத்துக்கு வருகிறேன்.

அந்த வருடம் தண்ணீர் மாதிரிகளை எடுத்துச் சோதிக்க வேண்டுமென்று ஸரீனா என்னையும் கூட்டிப் போனார். பஸ்ஸில் போகும்போது ஹஸ்னா என்ற மாணவி எழுந்தாள். கற்பிட்டியில் பரம்பரையாக வாழும் குடும்பத்துப் பிள்ளை. துடுக்கானவள்.

"டீச்சர், அகதியள் வந்த பொறவுதான் எங்கட கெணறெல்லாம் உப்பாப் போன எண்டு வாப்பா செல்றாரு. அவங்க கண்டபடி தண்ணிய இறைக்கிறாங்களாம். அதயும் எழுதலாமா?"

நான் ஸரீனாவைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் அப்படி வந்தவர் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. அவருடைய முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எழுதலாம். அதுக்கு முதல் தண்ணியை எடுத்துப் பாப்பம். எல்லாப் பக்கத்துக் கிணத்திலயும் எடுப்பம். சரிதானே?"

"ஓம், டீச்சர்."

குடியேற்றத்துக் கிணறுகளில் எடுத்தோம், பழைய கிராமத்துக் கிணறுகளில் எடுத்தோம், களப்போரத்தில் இறால் குளங்களுக்குப் பக்கத்திலும் எடுத்தோம். அந்த இறால் பண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டல் மரங்களை வெட்டிக் குளம் வெட்டினார்கள். நோய் விழுந்ததும் பாதிக் குளங்களை அப்படியே கைவிட்டுவிட்டு மற்றப் பாதியில் தொடர்ந்தார்கள். கைவிட்ட குளங்களில் உப்புநீர் வருடக்கணக்காக நின்று தரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு புல் முளைக்காது.

குடியேற்றத்தில் ஒரு பெண் போத்தலில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்துவிட்டு ஸரீனாவை உற்றுப் பார்த்தார். "நீங்க மூசா நானாட மகள் எல்லோ? எங்களோட ஒரே வள்ளத்தில வந்த பிள்ளை" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஹஸ்னாவின் முகம் கறுத்துப்போனது. பஸ்ஸுக்குத் திரும்பும் வழியில் அழத் தொடங்கினாள். ஸரீனா அவளோடு சேர்ந்து நடந்தார்.

"என்னத்துக்கு அழுறாய்? வாப்பா சொன்னதைத்தானே நீ சொன்னாய். தண்ணியை இன்னும் நாங்க சோதிக்கவேயில்லை. ஒருவேளை வாப்பா சொன்னது சரியாகவும் இருக்கலாம். அழுதுகொண்டு சோதிச்சா கணக்குப் பிழைச்சுப் போகும்."

சோதனைகளை என் ஆய்வுகூடத்தில் செய்தோம். ஒவ்வொரு போத்தலையும் மூன்று தரம் சோதித்தோம். ஸரீனா விளக்கமெதுவும் சொல்லாமல் ஒரு மூலையில் கதிரையைப் போட்டு அமர்ந்திருந்தார். முடிவில் எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. இறால் குளங்களுக்குக் கிட்டப் போகப் போக உப்பு ஏறியது. விலக விலகக் குறைந்தது. குடியேற்றமும் பழைய கிராமமும் ஒரே மாதிரித்தான் பாதிக்கப்பட்டிருந்தன. குடியேற்றத்துச் சில கிணறுகள் மலசலகூடக் குழிகளுக்கு மிகக் கிட்ட இருந்தன. அந்தத் தண்ணீரில் வேறு அழுக்கு இருந்தது. மாணவர்கள் அதை எழுதத் தயங்கியபோது ஸரீனா அதட்டினார். "எங்கட ஆக்களிட பிழையையும் எழுதுங்கோ. எனக்குப் பாவம் பாக்காதீங்கோ."

பாடசாலைக் கண்காட்சியில் இது ஒரு பெரிய வரைபடமாக நின்றது. விளக்கம் சொன்னவள் ஹஸ்னா. அவளுடைய வாப்பா முன்வரிசையில் நின்று கேட்டார். முடிந்ததும், "அப்ப இவ்வளவு காலமும் நாங்க ஆருக்கு ஏசினது?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். என் காதால் கேட்டேன். ஒரு பாடசாலைக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்?

பிரதம விருந்தினராக வந்திருந்தவரும் அதே வரைபடத்துக்கு முன்னால் நின்றார். அந்த இறால் பண்ணையின் முதலாளி. எங்கள் பாடசாலைக்குக் குடிநீர்த் தாங்கி கட்டிக் கொடுத்த கொடையாளி. ஹஸ்னாவின் தலையைத் தடவி, "கெட்டிக்காரப் புள்ள" என்று சொல்லிச் சிரித்தார்.

சில நாட்களில் அதிபரின் அறைக்கு எங்களிருவரையும் அழைத்தார்கள். கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். அதிபர் மேசையைப் பார்த்தபடியே இருந்தார். அதிகாரி இனிமையாகத்தான் தொடங்கினார்.

"டீச்சர், பெரிய விசயமில்ல. புள்ளைகள்தானே, அளவைகளில பிழை விட்டிருக்கலாம். காலைக் கூட்டத்தில நீங்க அதச் சென்னாப் போதும். படத்தக் கழட்டிருவம். விசயம் முடிஞ்சி."

"பிள்ளையள் பிழை விடேல்ல, சேர்."

"விட்டாங்க எண்டு நான் செல்லல்ல. விட்டிருக்கலாம் எண்டுதான் செல்றன்."

"விடேல்ல. மூண்டு தரம் செய்து பாத்ததுகள். சரியாச் செய்த பிள்ளையளைப் பிழை எண்டு நான் எப்பிடிச் சொல்லுவன்? பிறகு அதுகள் எதை நம்புறது?"

சோதனை என் ஆய்வுகூடத்தில் நடந்தது, முடிவுக்கு நானும் பொறுப்பு என்று நானும் சொன்னேன். அதிகாரி என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. இரசாயனவியலுக்கு மாவட்டத்தில் ஆளில்லை. என்னைத் தூக்கினால் அடுத்த நாளே பெற்றோர் வாசலில் நிற்பார்கள். தவிரவும், குத்த வேண்டிய இடம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"நீங்க வெளியில இருந்து வந்தவங்க, டீச்சர். இந்த ஊர் ஒங்களுக்கு இடம் தந்திரிக்கி. அத மறந்திட்டுக் கதைக்கப்படாது."

ஸரீனா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"மறக்கேல்ல, சேர். இந்த ஊர் எனக்குச் சோறு தந்தது. அந்த ஊரிட தண்ணியைப் பற்றித்தான் நான் கதைக்கிறன்."

வெளிக்களப் பயணங்கள் நிறுத்தப்பட்டன. காரணம் மாணவரின் பாதுகாப்பாம். வரைபடம் ஒரு விடுமுறை நாளில் காணாமல் போனது. பிறகு, பக்கச்சார்பாகக் கற்பிக்கிறார் என்று கோப்பில் எழுதிவிட்டு, 'சேவையின் தேவை கருதி' ஸரீனா டீச்சருக்கு இடமாற்றம் கொடுத்தார்கள். கடற்கரையை விட்டு வெகுதூரம், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு சிறிய பாடசாலை. விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் திரும்ப வேண்டும்.

அவருடைய இதயத்தின் நிலை அவர்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வைத்தியரின் கடிதத்தோடு நானும் றவூப் நானாவும் அலுவலகப் படியேறினோம். அதே அதிகாரி கதிரையில் சாய்ந்துகொண்டு, "அடுத்த தவணை பாப்பம்" என்றார். அடுத்த தவணையும் அதையே சொன்னார். அதற்கடுத்த தவணை அவர் எங்களைச் சந்திக்கவேயில்லை. மரணச் சான்றிதழில் இதயம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த இதயத்தை நாள்தோறும் பஸ்ஸில் ஏற்றிக் குலுக்கியவர்களின் பெயரை எழுத அதில் இடமில்லை.

அவர் முறையிட்டுக்கொண்டு சும்மா இருந்தார் என்று நினைக்க வேண்டாம். புதிய பாடசாலைக்குப் போன சில மாதங்களில் ஒரு சனிக்கிழமை என்னை அழைத்தார். குரலில் பழைய துள்ளல்.

"விமலா, கண்டக்குழிக்கு வாங்கோ. கடலே காணாத ஒரு கூட்டத்தைக் கொண்டு வந்திருக்கிறன்."

பெற்றோரே சேர்ந்து ஒரு பஸ்ஸைப் பிடித்திருந்தார்கள். தடை எங்கள் பாடசாலைக்குத்தானே தவிர அந்தப் பாடசாலைக்கு இல்லை என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார். குளத்து நீரில் வளர்ந்த சின்னப் பிள்ளைகள் அலையைக் கண்டு ஓடினார்கள், பிறகு திரும்பி வந்தார்கள். ஒரு சிறுமி வாயில் பட்ட தண்ணீரைத் துப்பிவிட்டு, "இதுக்குள்ள ஆர் உப்புப் போட்ட?" என்று கோபமாகக் கேட்டாள். ஸரீனா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த பின் மூச்சுக்காக நெடுநேரம் மணலில் அமர்ந்திருந்தார். உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"இடமாற்றத்தை எதிர்த்து வழக்குப் போடுவம், ஸரீனா" என்றேன்.

"போடுவம். இந்தப் பிள்ளையளுக்குச் சோதினை முடியட்டும். நடுவில விட்டிட்டு வந்தா என்னைத் தூக்கினவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

பரீட்சைக்கு முன்னர் அவர் போய்விட்டார்.

ஜனாஸா வீட்டுக்கு அந்த அதிகாரி வந்தார். புதுத் தொப்பி, வெள்ளைச் சட்டை. தெருமுனையில் பாடசாலையின் பெயரால் ஒரு பதாகை கட்டியிருந்தார்கள். அடியில் அனுசரணையாளராக அந்த இறால் பண்ணை முதலாளியின் பெயர். அதிகாரி முற்றத்தில் நின்று சுற்றியிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அவங்கட வெளிக்களப் பயணங்கள்தான் எங்கட பிரதேசத்துக்கே முன்மாதிரி. ஈடுசெய்ய ஏலாத இழப்பு." யன்னலுக்கு உள்ளே பெண்களோடு இருந்த எனக்கு அது தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் ஹஸ்னா. இப்போது பல்கலைக்கழக மாணவி. "டீச்சர், நான் வெளிய போய்க் கேக்கட்டா?" என்றாள். மகள்மார் இருவரும் உம்மாவின் தலைமாட்டில் இருந்தார்கள். அவர்களுக்காக அவளைப் பிடித்து நிறுத்தினேன்.

கேட்க வேண்டியவர் கேட்டார்.

றவூப் நானா வள்ளங்களின் இயந்திரம் திருத்துபவர். பேச்சுக் குறைந்த மனிதர். இத்தனை வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கியதும் அதிகாரி முன்னே வந்து தோள் கொடுக்கக் கையை நீட்டினார். மையவாடிக்குப் போகும் ஜனாஸாவுக்குத் தோள் கொடுப்பதை யாரும் யாருக்கும் மறுப்பதில்லை. றவூப் நானா மறுத்தார். சந்தூக்கின் காலைத் தன் கையால் மறைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நீங்க வேணாம், சேர். அவவ நீங்க அனுப்பின தூரம் போதும். இனி நாங்க கொண்டு போறம்."

அதிகாரியின் கை அப்படியே நின்று, பிறகு இறங்கியது. அந்த இடத்துக்கு ஹஸ்னாவின் வாப்பா வந்தார். அவருக்குப் பின்னால் ஸரீனாவிடம் படித்த இளைஞர்கள், கூட்டம் கூட்டமாக. தோளுக்குத் தோள் மாற்றி, வெள்ளை மணல் ஒழுங்கை வழியே அவரைக் கொண்டுபோனார்கள். பெண்கள் நாங்கள் வேலியோரம் நின்று பார்த்தோம். அதிகாரி முற்றத்தில் வெயிலில் தனியாக நின்றார். அவரோடு பேச ஒருவரும் இருக்கவில்லை.

சென்று வாருங்கள், ஸரீனா. உங்களை அனுப்பிவைக்க மென்மையான வார்த்தைகளைத் தேடிப்பார்த்தேன். கோபம் மட்டும்தான் இருக்கிறது. அதை நான் ஆறவிடப் போவதில்லை.